மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருப்பவரின் சாப்பாடு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
மருந்தும் கவுன்சிலிங்கும் போய்க்கொண்டிருக்கின்றன. கூடவே சாப்பாட்டையும் சரிசெய்ய வேண்டும். சாப்பாடு கெட்டதால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் சாப்பாடு கெட்டதா? மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா?

பதில் 1:
இரண்டும் நடக்கும், ஒருவரிடமே பிரித்துப் பார்க்க முடியாது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் 5-வது கேள்வியே பசியின்மையும் மிகுதியாகச் சாப்பிடுவதும்தான். அதனால் உணவுப் பழக்கத்தை வெறுமனே கேட்டு எழுதிய ஆய்வுகளை நான் பெரிதாக நம்புவதில்லை. உணவையே மாற்றிப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் ஸ்மைல்ஸ் சோதனை (2017). 67 பேர், 12 வாரம். உணவு ஆலோசனை பெற்றவர்களில் சுமார் 32%, பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8% மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். சின்ன சோதனை, தான் எந்தப் பிரிவு என்பதும் ஆளுக்குத் தெரியும். பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். ஆகவே உணவைப் பார்த்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

பதில் 2:
மீன் எண்ணெய் வாங்கினால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் 1000 மி.கி. என்றிருக்கும், அது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் ஈபிஏ (மீன் எண்ணெயில் உள்ள ஒரு வகை ஒமேகா-3 கொழுப்பு) 180 மி.கி.தான். மனச்சோர்வுக்குத் துணையாகப் பேசப்படும் அளவு நாளுக்கு 1 முதல் 2 கிராம் ஈபிஏ. அதற்கு ஆறு மாத்திரையாவது விழுங்க வேண்டும். ஒன்று போட்டுவிட்டுப் பலனில்லை என்பது இதனால்தான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அதற்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை: பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிஎஸ்எச் (தைராய்டுக்கானது), ஹீமோகுளோபின். மூன்று குறைபாடுகளும் (பி12, இரும்பு, தைராய்டு) மனச்சோர்வு போலவே அசதியைத் தரும். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கும் முழுச் சைவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை மறையும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டேயிருக்கும்.

பதில் 3:
சாப்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் அடுப்படியிலேயே படுத்துவிடுகின்றன. எழுந்திருக்கவே தெம்பில்லாதவரிடம் நான்கு காய் நறுக்கச் சொல்வார்கள்! முதல் இரண்டு வாரம் எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், நேரத்தை மட்டும் பிடியுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சமைக்கத் தேவையில்லாத ஏதாவது: ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தயிர், 30 கிராம் கொட்டைகள். பிறகு மூன்று நான்கு மணிக்கொரு தடவை, அலாரம் வைத்து. மூன்றாம் வாரம் பயறும் காயும் கூட்டலாம். காபி மதியத்தோடு போதும். பாதி காஃபீன் கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், தூக்கம் கெட்டால் மறுநாள் சாப்பாடும் கெடும்.

மருந்தையும் கவனியுங்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளில் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டும்; உணவோடு போட்டால் குறையும். மிர்டாசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து பசியைக் கிளப்பும், அதை ஆளின் வாய்க்கட்டுப்பாடு என்று திட்டாதீர்கள். ஒரு மாதத்தில் எடை 5% குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே, சாப்பாட்டுப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் பார்க்கணுமா?

பதில் 2:
பார்க்கணும். இரும்புச் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். காய்ச்சல், தொற்று இருக்கும்போது எடுக்க வேண்டாம். ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.