கோபால்ட் பட்டையில் கத்தி செய்தவர்கள், உடைத்தவர்கள், கைவிட்டவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்பத்தூர் பட்டறை:

வணக்கம் நண்பர்களே. பத்து மாதமாக ஒரே ஒரு உலோகப் பட்டையோடு மல்லுக்கட்டி, போன மாதம்தான் அது கத்தியாக என் கையை விட்டுப் போனது. இந்த உலோகத்தைத் தொட்டவர்கள் இங்கே இன்னும் இருப்பீர்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் திருப்பாச்சேத்திப் பக்கம். அப்பா அரிவாள் அடித்தவர். எனக்குத் தெரிந்த தொழிலெல்லாம் லாரி பட்டாவில், அதாவது லாரியின் ஸ்பிரிங் தகட்டில் தொடங்கியது. காய்ச்சு, அடி, தோய்ச்சல் கொடு, சாணை பிடி, இவ்வளவுதான். சென்னைக்கு வந்து பெல்ட் கிரைண்டர் வாங்கி, கேட்பவருக்குக் கேட்ட மாதிரி கத்தி செய்து கொடுக்க ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். முதலில் லாரி பட்டாவில் ஒரு கத்தி செய்து கொடுத்தேன். ஒரு பயணத்துக்குள் சிவந்துவிட்டது. அடுத்து 440சி என்ற ஸ்டெயின்லெஸ் எஃகு. தோல் உறைக்குள் உப்புத்தண்ணி தங்கி, இரண்டு மாதத்தில் கத்தி வாய் ஓரமாகப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, ரொம்பக் கூரா இருக்கணும்னுகூட நான் கேக்கல. இழுக்கும்போது உறையை விட்டு வெளிய வரணும். காத்தாடில வலை சுத்திக்கிட்டா எனக்கு அவ்வளவுதான் நேரம்."

காத்தாடி என்று அவர் சொல்வது படகின் புரொப்பல்லரை. அதில் வலையோ கயிறோ சுற்றினால் ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் ஸ்டெல்லைட் என்ற உலோகக் கலவையைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். இதற்கு அடித்தளம் இரும்பு இல்லை. கோபால்ட்தான் உடம்பு. கூடவே சுமார் 30 சதவீதம் குரோமியம், நாலைந்து சதவீதம் டங்ஸ்டன், ஒரு சதவீதம் ஒன்றரை சதவீதம் கார்பன். எல்வுட் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர் 1907-ல் கோபால்ட்-குரோமியக் கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். மங்காத மேசைக் கத்தி செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசைகளில் ஒன்று. நட்சத்திரம் போல மின்னுவதால் லத்தீன் சொல்லை வைத்து இந்தப் பெயர். ஆக, இந்த உலோகத்துக்குக் கத்தி ஒன்றும் புதிதல்ல. டேவிட் பாய் என்ற கத்தி செய்பவர் இதே குடும்பத்துக் கோபால்ட்டை வார்த்துச் செய்த கத்திகளைப் பாய்மரப் படகுக்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள்.

பாரிமுனைப் பக்கம் பழைய உலோகம் விற்கும் ஒருவரிடம் ஒரு துண்டு கிடைத்தது. 4 மில்லி கனம், 38 மில்லி அகலம், ஒரு சாண் நீளம். கையில் எடுத்தால் அதே அளவு எஃகைவிடக் கொஞ்சம் கனக்கும். காந்தம் ஒட்டவில்லை. கதிர் அடித்து உலோகத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் காட்டினேன். கோபால்ட், குரோமியம், டங்ஸ்டன் மூன்றும் சரியாக வந்தது. கார்பன் வரவில்லை. அந்தத் துப்பாக்கியால் கார்பனைப் பார்க்க முடியாது என்பதை வாங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லைட் வகைகளான 6பி-க்கும் 6கே-க்கும் முக்கிய வித்தியாசமே கார்பனில்தான். இறுக்கத்தை அளக்கும் ராக்வெல் அடித்துப் பார்த்தேன், 38 காட்டியது. அதை வைத்து 6பி என்று முடிவு செய்தேன்.

38! நாம் கத்திக்கு 58, 60 என்று பார்த்துப் பழகியவர்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அது கத்தி இல்லடா, தகடு. தோய்ச்சல் வச்சியா?" என்றார். இதற்குத் தோய்ச்சல் கிடையாது, நெருப்பில் வைத்தாலும் தண்ணீரில் முக்கினாலும் இறுகாது என்று அவருக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை. எனக்கே அப்போது முழுதாகப் புரிந்திருக்கவில்லை. இந்த உலோகத்தில் உடம்பு மெத்தென்று இருக்கும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கார்பைடு துகள்கள் புதைந்திருக்கும். கயிறை அறுப்பது அந்தத் துகள்கள்தான். களிமண்ணில் கண்ணாடிச் சில்லைக் கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தேய்ப்பு. முதலில் அரத்தைப் போட்டேன், நன்றாகக் கடித்தது. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டேன். ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு அதே இடத்தில் அரம் வழுக்க ஆரம்பித்தது. அழுத்த அழுத்த மேல்தோல் இறுகிக்கொண்டே போகிற உலோகம் இது. அழுத்தம் பட்டால் உள்ளே படிக அடுக்கே மாறிவிடுகிறது. மழுங்கிய பெல்ட்டால் தடவித் தடவித் தேய்ப்பது இதற்குச் சாப்பாடு போடுவது போல. புது செராமிக் பெல்ட், சொரசொரப்பான 36 அல்லது 60 நம்பர், மெதுவான வேகம், நல்ல அழுத்தம். பெல்ட் கத்தாமல் வழுக்குகிற சத்தம் கேட்டால் உடனே மாற்றுங்கள். ஒரு பட்டா கத்திக்கு இரண்டு பெல்ட் போதும். இதற்கு ஒன்பது போனது.

சூடும் அப்படித்தான். எஃகில் சூடு உடம்பெல்லாம் பரவும். இதில் தேய்க்கிற இடத்திலேயே நின்றுவிடும். முனை சிவக்கும் நிலையில் இருக்க, நாலு அங்குலம் தள்ளி விரல் வைத்தால் வெதுவெதுப்புத்தான். அதை நம்பி முனையைத் தொட்டு இரண்டு விரலில் கொப்புளம் வாங்கினேன். நல்லது ஒன்றும் உண்டு. சூடு ஏறினாலும் பதம் போகாது, ஏனென்றால் போவதற்குப் பதம் என்று ஒன்று இல்லை.

கைப்பிடித் துளைக்குக் கோபால்ட் டிரில் என்று கடையில் தருவதை வாங்கினேன். அந்தப் பிட்டில் கோபால்ட் 5 அல்லது 8 சதவீதம்தான். ஒரு மில்லி இறங்கியதும் நின்று சுழன்றது. அந்த அரை நொடி போதும், குழியின் அடி கண்ணாடி மாதிரி பளபளத்துவிட்டது. அதற்குமேல் எந்த ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டும் இறங்கவில்லை. கடைசியில் திடக் கார்பைடு பிட், பட்டையை வைஸில் அசையாமல் பிடித்து, எண்ணெய் விட்டு, கையை எடுக்காமல் ஒரே இறக்காக இறக்கினேன். இடையில் நின்றால் முடிந்தது.

என்னைத் தூங்கவிடாதது வளைவு. ஒரு பக்கத்தை முழுதாகத் தேய்த்து முடித்துவிட்டுப் பார்த்தால் பட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. உருட்டித் தகடாக்கிய இழுவிசை உள்ளேயே இருக்கிறது, ஒரு பக்கத்தை எடுத்ததும் மறுபக்கம் இழுக்கிறது. வைஸில் மூன்று கம்பி வைத்து எதிர்ப்பக்கம் வளைத்தேன், விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. இன்னும் வளைத்தேன், வந்தது. சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். 'டிக்' என்று சத்தம். கைப்பிடிப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். நல்லவேளை, அந்த இடத்தை வெட்டி எறிந்து கத்தியைக் குட்டையாக்க முடிந்தது. அதன்பிறகு இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு என்றே முடித்தேன்.

கூர் வைப்பதில் ஒரு விஷயம். நான் வழக்கம் போல மிக நைசான 3000 கல் வரை போய், தோலில் தீட்டி, முடி மழிக்கிற மாதிரி கொடுத்தேன். தாளை வெட்டியது, கயிற்றில் வழுக்கியது. வைரத் தட்டில் சொரசொரப்பான 400-ஓடு நிறுத்தி, பிசிரை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் 10 மில்லி நைலான் கயிறு வெண்ணெய் மாதிரிப் போகிறது. இருநூறு துண்டுக்கு மேல் வெட்டியும் அந்தக் கடி குறையவில்லை. வேறு எந்தக் கத்தியிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

தடைக்காலம் முடிந்து ஜூன் 15 போன முதல் பயணத்தில் அண்ணன் எடுத்துப் போனார். திரும்பி வந்து கத்தியை மேசையில் வைத்தார். துரு ஒரு பொட்டு இல்லை. ஆனால் இரண்டு குறை. நான் போட்ட பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தண்ணியில் கோபால்ட்டும் பித்தளையும் ஒட்டி இருந்தால் பித்தளைதான் கரையும், அது என் தப்பு. டைட்டானியம் ஆணியாக மாற்றிவிட்டேன். இன்னொன்று, வாயில் நடுவில் இரண்டு இடம் மடிந்திருந்தது. உடையவில்லை, மடிந்திருந்தது. "வஞ்சிரம் தலைய ஒரு போடு போட்டேன் தம்பி" என்றார். எலும்புக்கு இது ஆகாது என்று இப்போது எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிண்டி வெல்டர்:

அண்ணே, அந்த 'டிக்' சத்தம் எனக்குப் பதினாறு வருசமாத் தெரியும். வால்வ் சீட்ல ஸ்டெல்லைட் 6 ராடு வச்சு டி.ஐ.ஜி. (TIG) வெல்டிங் போடுறது எங்க வேலை. நீராவி போற கேட் வால்வுல ரெண்டு முகமும் உரசிக்கிட்டே இருக்கும், சாதா எஃகு அரிச்சுப் போயிடும், இது நிக்கும். ஆனா ஆற வைக்கிறதுல அவசரப்பட்டா அவ்வளவுதான். ஜாப்பை முதல்லயே சூடு பண்ணணும், போட்டு முடிச்ச கையோட செராமிக் கம்பளியில சுத்தி வச்சிடணும். ஒரு தடவை ராத்திரி ஷிப்டுல கம்பளி தீந்துபோச்சுன்னு அப்படியே திறந்த வெளியில விட்டேன். டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே டிக், டிக்னு மூணு தடவை கேட்டுச்சு. காலைல சிவப்பு சாயம் போட்டு, வெள்ளைப் பவுடர் அடிச்சுப் பாத்தா மூணு கோடு அழகாத் தெரியுது. முழுசாக் கடைஞ்செடுத்துட்டு மறுபடி போட்டோம்.

இன்னொரு விசயம். கல்பாக்கம் அணு ஈனுலைக்கு இந்தக் கோபால்ட் பூச்சு வேணாம்னு நிக்கல் சார்ந்த கோல்மோனாய் தேர்வு பண்ணினாங்க. கதிர்ல பட்டா கதிர்வீசுற கோபால்ட் 60 ஆகிடும், பராமரிப்புக்குக் கிட்டப் போறவங்களுக்கு ஆபத்துன்னு சொல்லிக் கொடுத்தாங்க. நம்ம கத்திக்கு அந்தக் கவலை கிடையாது. சும்மா தெரிஞ்சுக்கத்தான் சொன்னேன்.

அடையாறு பல் லேப்:

நான் கத்தி செய்பவள் இல்லை. ஆனால் கோபால்ட்-குரோமியத்தைத் தினமும் தேய்க்கிறேன். கழற்றி மாட்டும் பல்செட்டுக்குள் இருக்கும் மெல்லிய உலோகச் சட்டம் இதே குடும்பம்தான். எங்களுடையதில் பெரும்பாலும் டங்ஸ்டனுக்குப் பதில் மாலிப்டினம். 1930-களிலிருந்து பல் வைத்தியத்தில் இது இருக்கிறது.

அம்பத்தூர் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெல்ட் எண்ணிக்கை இருக்கிறது, கொப்புளம் இருக்கிறது, மூச்சுக்கு என்ன போட்டீர்கள் என்பது மட்டும் இல்லை. தயவுசெய்து இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். கோபால்ட் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும், ஒருமுறை வந்துவிட்டால் கொஞ்சம் தூசி பட்டாலே திரும்ப வரும். எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒருவர் மணிக்கட்டில் தடிப்பு வந்து இந்த மேசையை விட்டே மாற வேண்டியதாயிற்று. துணியைக் கட்டிக்கொள்வது ஒன்றுக்கும் உதவாது. முகத்தோடு ஒட்டும் ரப்பர் மாஸ்க், நுண்தூசியைத் தடுக்கும் பி100 ஃபில்டர், தேய்க்கும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய், முடிந்தால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகன், இப்போது தாம்பரம்:

அப்பா "அது தகடு" என்று சொன்னாரே, அவரிடம் கொடுமணலைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம், நொய்யல் கரை. அங்கே அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. மூசையில் (மண் குடுவையில்) வைத்துக் காய்ச்சி எடுத்த நம் உருக்கைத்தான் வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேகூட அதை ஆராய்ந்திருக்கிறார். அந்த உருக்கிலும் கார்பன் ஒன்றரை சதவீதம் அளவுக்கு இருக்கும், கார்பைடுகள் வரிவரியாக நிற்கும். பல பழைய வாள்களில் உடம்பு அவ்வளவு இறுக்கம் இல்லை. வெட்டுக்குக் கைகொடுத்தவை அந்த வரிகள். பெரியவர்களுக்கு இந்த வழியில் சொன்னால் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

அம்பத்தூர் பட்டறை:

அடையாறு அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். சாதாரண வெள்ளை மாஸ்க்தான் போட்டிருந்தேன். உங்கள் பதிவைப் படித்த அன்றே கிரைண்டரை நிறுத்திவிட்டேன். ரப்பர் மாஸ்க் வந்துவிட்டது. தொட்டிக்குழாயிலிருந்து பெல்ட்டின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஏற்பாடு செய்திருக்கிறேன், எதிரே தடுப்புத் தகடும் உண்டு. பட்டறைக்கு வரும் பையனை இந்த உலோகத்தின் பக்கமே விடுவதில்லை.

கிண்டி தம்பி, விரிசலை அந்தச் சிவப்புச் சாயத்தில் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று கத்தியை அண்ணனிடம் கேட்டு வாங்கி, சாயம் போட்டுப் பார்த்தேன். கோடு இல்லை. அப்போதுதான் அவர் சொன்னார், போன வாரம் நடுக்கடலில் காத்தாடியில் வலை சுற்றியிருக்கிறது, அவருடைய தம்பி இறங்கி அறுத்திருக்கிறார். "எவ்வளவு நேரம் ஆச்சுண்ணே?" என்றேன். "மேல வந்து மூச்சு விட்டது ரெண்டே தடவதான்" என்றார்.

கொடுமணல் கதையை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வரும்போது அந்தத் துண்டுல ஒண்ணு கொண்டா, பாக்கறேன்" என்றார். அடுத்த பட்டை 3 மில்லி, 6கே. வெட்டி மிச்சமான விரிசல் துண்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆடி முடிந்ததும் ஊருக்குப் போகும்போது இரண்டையும் எடுத்துப் போகிறேன்.