மடித்து வைத்த பழைய சினிமா போஸ்டர்கள்: டிஜிட்டலாக்குவது, சரிசெய்வது, பகிர்வது எப்படி?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் தாய்மாமா மதுரையில் ஒரு பட விநியோக அலுவலகத்தில் ரொம்ப காலம் வேலை பார்த்தவர். அவர் வீட்டுப் பரணில் கிடந்த தகரப் பெட்டி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. உள்ளே முப்பது நாற்பது போஸ்டர்கள், ஒரு கட்டு பாட்டுப் புத்தகங்கள், ரோஸ் கலரிலும் மஞ்சளிலும் நோட்டீஸ்கள். எதிலும் பசை பட்ட தடமில்லை. எம்.ஆர். ஏரியா (மதுரை, ராமநாதபுரம் விநியோகப் பகுதி) கொட்டகைகளுக்கு அனுப்பியது போக மிஞ்சியவையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை.

போஸ்டர்கள் 30க்கு 40 அங்குல சிங்கிள் ஷீட். எட்டாக மடித்தே வைத்திருந்ததால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் பொடிகிறது. சிலவற்றின் மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஒன்றில் படத் தலைப்பின் கடைசி எழுத்தில் பாதிதான் மிச்சம்.

மொபைலில் படம் எடுத்து ஒரு ஏஐ செயலியில் போட்டுப் பார்த்தேன். முகமெல்லாம் வழவழவென்று ஆகி, வேறு யாரோ போல இருக்கிறது. கீழே உள்ள பெயர்களோ தூரத்தில் தமிழ் மாதிரித் தெரிகின்றன, கிட்டே போனால் எதையும் வாசிக்க முடியவில்லை. அதனால் கையாலேயே செய்யலாம் என்று இருக்கிறேன். எப்படிப் படமெடுப்பது, எந்த அளவுக்குச் சரிசெய்யலாம், இணையத்தில் போட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா, இந்த மூன்றுக்கும் வழி சொல்லுங்கள். யாருக்கும் விற்கும் எண்ணம் இல்லை. இப்போது ஒரு பழைய போஸ்டரைத் தேடினால் கிடைப்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் பத்து கை மாறித் தேய்ந்த படம், அதன் நடுவில் யாரோ ஒருவரின் வாட்டர்மார்க். கேட்பவர்களுக்கு முழுத் தரத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

லித்தோ பிரியன்:

பெட்டி வந்து சேர்ந்தது பெரிய விஷயம். போஸ்டர் சுவரில் ஒட்டுவதற்கென்றே அச்சானது, ஒட்டியதெல்லாம் மழையோடும் அடுத்த படத்தின் போஸ்டருக்கு அடியிலும் போய்விட்டது. மிஞ்சியது இப்படி விநியோகஸ்தர் அலுவலகங்களில் தங்கியதுதான்.

முதலில் செய்யக் கூடாதவை. இஸ்திரி போடாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், லேமினேஷன் பக்கமே போக வேண்டாம். மெதுவாக விரித்து, மேலும் கீழும் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்து, அதன் மேல் சமமான பலகையும் கொஞ்சம் கனமும் ஏற்றிச் சில நாள் விட்டுவிடுங்கள். மடிப்பு முழுதாகப் போகாது, ஆனால் நிமிர்ந்து நிற்காமல் படுத்துவிடும், அதுவே போதும்.

பாட்டுப் புத்தகத்துக்கும் நோட்டீஸுக்கும் வீட்டு ஏ4 ஸ்கேனர் அருமையானது, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) போடுங்கள். போஸ்டரை மட்டும் ஸ்கேனரில் வைக்காதீர்கள். கிட்டத்தட்ட இருபது துண்டாக எடுக்க வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் மீதித் தாள் வெளியே தொங்கி மடிப்பில் கிழியும். நல்ல கேமரா ஒன்றை இரவல் வாங்குங்கள். 50 எம்.எம். அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், ஸ்டாண்டு, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, கோப்பு ரா வடிவத்தில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவம்). 24 மெகாபிக்சல் கேமராவில் நீளவாக்கில் 6000 பிக்சல் கிடைக்கும். 40 அங்குலத்தை ஒரே ஷாட்டில் அடக்கினால் அங்குலத்துக்கு 150 பிக்சல்தான் தேறும், பார்க்கப் போதும், பெரிதாக அச்சிடப் போதாது. அதனால் கேமராவின் கோணத்தையும் உயரத்தையும் மாற்றாமல் போஸ்டரைப் பலகையோடு நகர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படிகிற மாதிரி ஆறு எட்டு ஷாட் எடுத்து ஹியூஜின் மென்பொருளில் ஒட்டுங்கள், இலவசம்தான்.

வெளிச்சத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு விளக்கு, இரண்டு பக்கமும் 45 டிகிரியில், ஒரே தூரத்தில். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் போகும், பிறகு சரிசெய்யவே முடியாது. மடிப்பு தெரிவதற்கு இரண்டு காரணம் உண்டு, ஒன்று மை உதிர்ந்தது, இன்னொன்று மேடு பள்ளத்தின் நிழல். விளக்கு இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நிழல் அங்கேயே அடங்கிவிடும், கணினியில் மை உதிர்ந்த கோட்டை மட்டும் மூடினால் போதும். முதல் ஷாட்டில் மட்டும் ஓரத்தில் நிறத்தை ஒப்பிட ஒரு கலர் கார்டு வையுங்கள்.

நிறத்துக்கு ஒரு சாட்சி உங்கள் போஸ்டரிலேயே இருக்கிறது. எட்டாக மடித்த தாளில் வெளியே இருந்த கட்டங்கள்தான் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுத்திருக்கும், உள்ளே மாட்டிய கட்டங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய அச்சான அன்று இருந்தபடியே இருக்கும். அந்தக் கட்டத்தை அளவாக வைத்து மற்றவற்றை அதை நோக்கிக் கொண்டு வாருங்கள். தாளை மட்டும் பளீர் வெள்ளையாக்கிவிடாதீர்கள். அந்தத் தாள் புதிதிலேயே அப்படி வெள்ளை இல்லை, மை அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, தாளின் நிறம் மாறினால் முகத்தின் நிறமும் சேர்ந்து மாறும்.

அப்புறம், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆஃப்செட் அச்சு என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கையால் வரைந்த லித்தோ (கல்லச்சு முறை) என்றால் புள்ளி ஒழுங்காக இருக்காது, கிரேயான் தேய்த்த சொரசொரப்பு தெரியும், அது ஓவியரின் கை. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் முதலில் சாவது அதுதான். புள்ளி அச்சைச் சிறிதாக்கிப் பகிரும்போது அலை அலையாகக் கோடு விழும், லேசாக பிளர் கொடுத்த பிறகு அளவைக் குறையுங்கள். இதெல்லாம் பகிரும் பிரதியில் மட்டும். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், டிஃப் (தரம் குறையாத படக் கோப்பு) ஆகச் சேமித்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

அச்சுக்கூடம்:

மேலே சொன்னது எல்லாம் சரி. எழுத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் இணையத்தில் சரிசெய்து போடும் தமிழ் போஸ்டர்களில் அதிகம் கெடுவது எழுத்துதான், அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில். அதற்கு முந்தைய போஸ்டரில் ணை, லை, ளை, னை எல்லாம் தலையில் துதிக்கை வைத்த பழைய வடிவம், ணா, றா, னா எல்லாம் கீழே சுழித்த வடிவம். கலை, துணை என்று வரும் இடமெல்லாம் இது இருக்கும். இடம் கிழிந்து போயிருக்கிறதே என்று இன்றைய ஃபான்ட்டில் தட்டிப் போட்டால் அறுபதுகளின் போஸ்டரில் எண்பதுகளின் எழுத்து உட்கார்ந்துவிடும். யூனிகோடில் பழைய வடிவத்துக்குத் தனி இடம் கிடையாது, அந்த வடிவம் வைத்த எழுத்துரு இருந்தால்தான் வரும், அப்படி வந்தாலும் போஸ்டரில் தூரிகையால் எழுதிய எழுத்தோடு ஒட்டாது. அதே போஸ்டரில் வேறிடத்தில் அந்த எழுத்து முழுசாக இருந்தால் அங்கிருந்து எடுங்கள். இல்லையென்றால் ஓட்டையை ஓட்டையாகவே விடுங்கள், பக்கத்துத் தாள் நிறத்தில் ஒரு சமமான தீற்று போதும். ஏஐ செயலியில் நீங்கள் பார்த்ததும் இதுதான், அது எழுத்தைப் படிப்பதில்லை, எழுத்து மாதிரி ஒரு கோலத்தைப் போடுகிறது. முகத்துக்கும் அதே கதி.

இதே எழுத்து ஒரு தடயமாகவும் உதவும். 1962 படத்தின் போஸ்டர் என்று வைத்திருப்பதில் புது லை, புது ணை வந்தால் அது பின்னால் மறுவெளியீட்டுக்கு அடித்தது என்று சந்தேகப்படுங்கள். முழு நிச்சயம் இல்லை, பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் இந்த எழுத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதுபோல 1978க்குப் பிறகும் பல ஓவியர்கள் பழைய கையை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னொன்று, அடி ஓரத்தை வெட்டவே வெட்டாதீர்கள். அங்கே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் போட்டே ஆக வேண்டியிருந்தது, அதனால்தான் அது அங்கே இருக்கிறது. சிவகாசியா, சென்னையா, எந்த அச்சகம் என்று நமக்குச் சொல்வது பல சமயம் அந்த ஒரு வரி மட்டும்தான். இணையத்தில் போடுகிறவர்கள் அழகுக்காக முதலில் வெட்டுவது அதைத்தான்.

கொட்டகைக்காரர்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஓட்டையும் மடிப்பும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு பிரின்ட் போட ஆசைப்படுகிறவருக்கு அந்தப் படம் முதல் நாள் கொட்டகை வாசலில் எப்படிப் பளிச்சென்று நின்றதோ அப்படித்தான் வேண்டும். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அந்தப் பளபளப்புதானே அன்றைக்கு டவுன் பஸ்ஸில் போனவனை இறங்கிவரச் செய்தது. அதனால் மூன்று கோப்பாக வையுங்கள், எடுத்தது எடுத்தபடி ஒன்று, மடிப்பும் கறையும் மட்டும் நீக்கியது ஒன்று, விடுபட்டதை நிரப்பியது ஒன்று. மூன்றாவதில் எந்த இடம் உங்கள் கை என்று விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள். வாட்டர்மார்க் வேண்டாம், உங்களுக்கே அது பிடிக்கவில்லை என்று தெரிகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போதுதான் அளவு குறையாது.

சட்டம் படித்தவன்:

காப்புரிமைக்கு வருகிறேன். போஸ்டர் சினிமா கணக்கில் வராது, 1957 காப்புரிமைச் சட்டத்தில் அது கலைப்படைப்பு. வரைந்தவர் யாரென்று தெரிந்தால் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு உரிமை ஓடும். யாரென்றே தெரியாத, பெயர் போடாத போஸ்டர் என்றால் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. பெயரில்லாத 1955 போஸ்டர் 2016 ஜனவரியிலிருந்து பொதுவுடைமை, அதாவது யாரும் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் பெட்டியில் எழுபதுகளின் போஸ்டரில் விளம்பர ஓவியர் ஈஸ்வர் கையெழுத்து இருக்கிறது என்று வையுங்கள், அவர் காலமானது 2021-ல், ஆக அது 2081 முடியும் வரை உரிமையுள்ளது. அதனால் மூலையில் இருக்கும் கையெழுத்தைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

காசு கொடுத்து வரையச் சொன்னவர் தயாரிப்பாளர் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்குப் போகும். காலக் கணக்கு மட்டும் ஓவியரின் ஆயுளை வைத்துத்தான். புகைப்படம் ஒட்டிச் செய்த போஸ்டர் என்றால் படமெடுத்தவர் கணக்கும் சேரும், அதில் அவசரப்படாதீர்கள்.

விக்கிமீடியா காமன்ஸில் (விக்கிப்பீடியாவின் பொதுப் படக் களஞ்சியம்) ஏற்றுவதாக இருந்தால் அவர்கள் அமெரிக்கச் சட்டத்தையும் பார்ப்பார்கள். 1941க்கு முன் வெளியாகி ஓவியர் பெயர் தெரியாதவற்றில் பெரும்பாலும் சிக்கல் வராது, பிந்தையவற்றுக்கு அங்கே கேட்டுவிட்டு ஏற்றுங்கள். நீங்கள் இத்தனை உழைத்துச் சுத்தம் செய்ததால் உங்களுக்குப் புது உரிமை வந்துவிடாது. 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வெறும் உழைப்பு மட்டும் போதாது, சொந்தத் திறமையும் தேர்வும் கொஞ்சமாவது வேண்டும் என்று சொல்லிவிட்டது. உள்ளதை உள்ளபடி மீட்பது அதில் சேராது என்பது என் கருத்து. இன்னும் உரிமை முடியாதவற்றை ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்து, விவரப் பட்டியலை மட்டும் வெளியிடலாம்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் காக்க முடியாது என்று தோன்றினால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேசிப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த புத்தகங்களிலிருந்து உருவானது அது, பாட்டுப் புத்தகத்தின் அருமையும் தெரிந்தவர்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் போஸ்டர்களைச் சேர்த்து வைக்கிறது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கையெழுத்து இருப்பவை, இல்லாதவை என்று பிரித்துவிட்டேன். அடி ஓரத்தில் அச்சகப் பெயர் இருப்பதை நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. தலைப்பில் பாதி எழுத்து போன போஸ்டர் இருக்கிறதே, அதே படத்தின் பாட்டுப் புத்தகம் கட்டுக்குள்ளேயே கிடைத்தது. அட்டையில் தலைப்பு முழுசாக இருக்கிறது, பார்த்தால் அதே கை மாதிரித்தான் தெரிகிறது. அங்கிருந்து எடுத்து நிரப்பலாமா?

அச்சுக்கூடம்:

பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஒரே தலைப்பு டிசைனைப் போஸ்டருக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் பயன்படுத்துவது வழக்கம்தான், ஆனால் சில சமயம் புத்தகத்துக்கு வேறொருவர் திரும்ப எழுதியிருப்பார். அட்டையை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, போஸ்டரின் மேல் தனி லேயராக வைத்து, பாதி ஒளிபுகும்படி ஆக்கி, முழுசாக இருக்கும் மற்ற எழுத்துகள் மேல் ஒன்றோடொன்று படிகிறதா பாருங்கள். வளைவும் தடிமனும் அப்படியே படிந்தால் கடைசி எழுத்தின் வடிவத்தை மட்டும் எடுத்துப் போஸ்டரின் நிறத்தைக் கொடுங்கள், புத்தக அட்டையின் மை நிறம் வேறாக இருக்கும். முதல் எழுத்திலேயே விலகினால் அது வேறு கை, விட்டுவிடுங்கள். எப்படியானாலும் அந்த அட்டையையும் போஸ்டரோடு சேர்த்தே வெளியிடுங்கள்.