புதுப்பிப்பு: முன்சக்கர பிரேக் கீச்சொலிக்குக் காரணம் தெரிந்தது

பிரேக் பிடிக்கும்போது இடது முன்சக்கரம் கீச்சிடுகிறது, தொடர்ந்து ஓட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாயிற்று.

சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை (டிஸ்க்) இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்துபவை பிரேக் பேடுகள். அவற்றில் உள்பக்கப் பேட் 2 மில்லிமீட்டர் தடிமனாகத் தேய்ந்திருந்தது. புதியது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். வெளிப்பக்கப் பேடோ பாதிகூடத் தேயவில்லை! பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதியான காலிப்பர் நகர்வதற்கான 'பின்' (pin, உலோகத் தண்டு) துருப்பிடித்து இறுகியதுதான் காரணம். சக்கர இடுக்கு வழியே பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டுமே கண்ணில் படும். ஆகவே கழற்றாமல் "பேட் நன்றாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கீச்சிட்டது பேடில் உள்ள சிறிய உலோகத் தகடு. தேய்மானம் எல்லையை எட்டியதும் அது டிஸ்க்கில் உரசும். எச்சரிப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மழைக்கு மறுநாள் காலையில் கேட்கும் கீச்சொலி வேறு. டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது. சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

கரகரவென அரைக்கும் சத்தம் கேட்டாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இரண்டு முன்சக்கரங்களுக்கும் பேட் மாற்றி, காலிப்பர் 'பின்'களைச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவியாயிற்று. இப்போது சத்தமில்லை.