ஐந்தரை அடி வௌவால்: நேரில் கண்டவர்கள் சொல்வது

புளியரையிலிருந்து:

கட்டடத்தின் ஓரத்தில் தலைகீழாகத் தொங்கும் அந்தக் கரிய உருவத்தின் படம் சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மீண்டும் வந்தது. ‘ஆரியங்காவுக் காட்டில் பிடிபட்ட ஆள் உயர வௌவால்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். அது பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டு, 2020-இல் உலகமெங்கும் சுற்றிய படம். அந்நாட்டில் மட்டுமே வாழும் பொன்முடிப் பழவௌவால் உலகின் மிகப் பெரிய வௌவால்களில் ஒன்று. நன்கு வளர்ந்ததன் சிறகுகளை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஐந்தரை அடி வரை இருக்கும் என்பது உண்மையே. ஆனால் உடல் ஓர் அடியைத் தாண்டாது. எடையும் ஒன்றரைக் கிலோவுக்குள்தான். சிறகின் அகலமாகச் சொல்லப்பட்ட ஐந்தரை அடியை நாம் ஆளின் உயரமாக வாங்கிக்கொள்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014 சித்திரையில் எங்கள் வயலோர மருத மரங்களிலிருந்து இரை தேடிப் புறப்பட்ட பழவௌவால் ஒன்று இரண்டு மின்கம்பிகளில் ஒரே நேரத்தில் சிறகு பட்டு இறந்து விழுந்தது. தையல் கடை வைத்திருந்த என் சித்தப்பா, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பாலேயே அதை அளந்தார். சிறகு நுனிக்கு நுனி 49 அங்குலம். தலையிலிருந்து பின்புறம் வரை 9 அங்குலம். பலசரக்குக் கடைத் தராசில் அது 800 கிராம்தான் நின்றது. கழுத்தைச் சுற்றிச் செம்பொன் நிற மயிர், நாய்க்குட்டியைப் போன்ற மூக்கு, கட்டைவிரலில் கொக்கி போல் வளைந்த ஒரு நகம். விரித்த சிறகை வெயிலுக்கு எதிரே பிடித்தபோது, நீண்ட விரலெலும்புகளும் அவற்றினூடே ஓடும் இரத்த நாளங்களும் தெளிவாகத் தெரிந்தன. குடைத்துணியை விட மெல்லிய தோல் அது.

பிறகு என் தம்பி அதை ஒரு கம்பில் தொங்கவிட்டுக் கேமராவை நோக்கிக் கையை நீட்டினான். சித்தப்பா பத்தடி பின்னால் நின்றார். அந்தப் படத்தில் அவருடைய கழுத்திலிருந்து முழங்கால் வரை வௌவால் மறைத்திருந்தது. யாரும் எதையும் வெட்டி ஒட்டவில்லை. நடுவில் இருந்த பத்தடி தூரம் மட்டும் படத்தில் தெரியவில்லை.

கம்பத்திலிருந்து:

இதே படத்தை எங்கள் பக்கம் ‘மேகமலையின் அரிய வௌவால்’ என்று அனுப்புகிறார்கள். மேகமலையில் அரிய பழவௌவால் இருப்பது உண்மைதான். 1948-இல் அங்கே பிடிக்கப்பட்ட ஒன்றை வேறொரு சாதாரண இனம் என்று கருதி வைத்திருந்தார்கள். 1972-இல்தான் அது தனி இனம் என்று அறிந்து, பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்கள். அதன் முன்கை எலும்பின் நீளம் சுமார் ஏழு சென்டிமீட்டர். பொருட்படுத்த வேண்டிய உயிர் அது. பூதாகரமான படத்தை அதன் பெயரில் பரப்புவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

புளியரை ஐயா எழுதியதைப் படித்ததும் 2018 மே மாதம் நினைவுக்கு வந்தது. கோழிக்கோட்டுப் பக்கம் நிபா காய்ச்சல் பரவிய அந்நாட்களில் இதுபோன்ற படங்களும், பதற்றமான குரல் பதிவுகளும் தமிழக–கேரள எல்லையின் இரு புறமும் ஓடின. நாங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுபவர்கள். வௌவாலை இங்கே வாவல் என்போம், சங்கத் தமிழிலும் அதே சொல்தான். என் மாமியார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு பேரனை முற்றத்தில் இறங்க விடவில்லை. தெருமுனை ஆலமரத்தை வெட்ட வேண்டும் என்றுகூடச் சிலர் பேசினார்கள். அதே வாரத்தில் ஒரு காலை நேரம், அந்தப் பேரன் கொய்யா மரத்தடியில் பாதி கடித்துக் கிடந்த பழத்தைப் பொறுக்கிப் பாவாடைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த தன் அக்காவிடம் ஒரு கடி கேட்டுக் கை நீட்டியதை நான் கண்டேன். எனக்கு உடல் நடுங்கிவிட்டது. நிபா கிருமி இந்தப் பழவௌவால்களின் உடலில் இயல்பாகவே தங்கியிருப்பது; அவற்றின் எச்சிலும் சிறுநீரும் பட்ட பழத்தைத்தான் அஞ்ச வேண்டும். நாங்களோ ஆளைத் தூக்கிச் செல்லும் பேருருவை எண்ணி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டத்தைக் கலைத்தாலும் மரத்தை வெட்டினாலும் அவை வேறு ஊர்களுக்குச் சிதறும் என்று அப்போதே வல்லுநர்கள் எச்சரித்தார்கள். ஆலமரம் தப்பியது.

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த இறந்த வௌவாலைக் கையால் தொட்டா அளந்தீர்கள்?

புளியரையிலிருந்து:

ஆம் அம்மா, வெறும் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிடித்தோம். அன்று எங்களுக்குத் தெரியாது. 2018-க்குப் பிறகு இறந்ததையும் அடிபட்டதையும் நாங்கள் தொடுவதில்லை, வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுகிறோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழவௌவாலை எலி, காகம் ஆகியவற்றோடு தீங்குயிர் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது.

இப்போது அளப்பதற்கு டேப் வேண்டியதில்லை. வௌவாலை ஒட்டியே இருக்கும் ஒரு பொருளைப் படத்தில் தேடினால் போதும். கம்பியோ, செங்கலோ, இலையோ எதுவானாலும் சரி. மருத இலை அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதல். எங்கள் மரத்தில் சிறகைப் போர்த்திக்கொண்டு பகலில் தொங்கும் வௌவால் ஏறக்குறைய இரண்டு இலை நீளம்தான் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, சித்தப்பா நிற்கும் அந்தப் பழைய படத்தையும் 49 அங்குலம், 9 அங்குலம், 800 கிராம் என்ற மூன்று எண்களையும் குடும்பக் குழுவில் போட்டேன். சற்று நேரம் கழித்து, முதல் படத்தை அனுப்பிய அத்தை மகன், “மாமா எவ்வளவு தூரத்தில் நின்றார்?” என்று கேட்டிருந்தான்.