சோலார் குக்கர் மாநாடும் நம்ம ஊர்க் களியும்: உங்கள் அனுபவம் என்ன?

அரூர் மருமகள்:
1997 ஜனவரியில் கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் சோலார் குக்கர் உலக மாநாடு நடந்தபோது நான் அங்கே மனையியல் மாணவி. 1992இல் அமெரிக்காவின் ஸ்டாக்டன், 1994இல் கோஸ்டா ரிக்கா, அதற்கடுத்து நம்ம கோவை. விருந்தாளிகளுக்கு உதவ எங்களை விட்டிருந்தார்கள். வெயிலில் விதவிதமாக அடுப்புகள். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, மடித்து எடுத்துப் போகிற அட்டை அடுப்பு, வெயிலை ஒரே இடத்தில் குவிக்கிற பெரிய டிஷ்.

கென்யாவிலிருந்து வந்த ஓர் அம்மா, உங்கள் வீட்டில் தினமும் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார். ராகிக் களி என்றேன். புரியவில்லை. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிற மாதிரி செய்து காட்டினேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் உகாலி என்று இப்படித்தான் கிண்டுவார்களாம். அவரும் கையை வீசிக் கிண்டிக் காட்டினார். அப்புறம் பெட்டி அடுப்பின் கண்ணாடி மேல் விரலை வைத்து, "இதைத் திறக்காமல் எப்படிக் கிண்டுவாய்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கும் வரவில்லை. மூடியைத் திறந்தால் சேர்ந்த சூடெல்லாம் போய்விடும், மறுபடி ஏற நேரமாகும். சோறு வெந்தது, பருப்பு வெந்தது. தர்மபுரியில் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு கிண்டுகிற களிக்கு அங்கே வழியில்லை. (கிருஷ்ணகிரியும் அப்போது நம்ம மாவட்டம்தான், 2004இல்தான் பிரிந்தது.) அந்தக் கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாராவது சோலார் குக்கரில் களி கிண்டியிருக்கிறீர்களா?

பாலக்கோட்டுக்காரன்:
களி கிண்டியதில்லை. மானியத்தில் வாங்கிய பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா காலையில் கொள்ளைக் கழுவித் தண்ணீர் ஊற்றி, கறுப்பு டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தக்காளிக் காட்டுக்குப் போய்விட்டார். மதியம் வந்து மூடியைத் தூக்கினார். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர்முத்து. ஒரு கொள்ளை எடுத்து விரலில் நசுக்கினார், மசிந்தது. "ஊதாங்குழலே எடுக்கலையேடா, வெந்திருக்கே" என்றார். அன்றைக்கு அம்மா முகத்தில் இருந்த ஆச்சரியத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

களி வேகாது என்பதற்காகப் பெட்டியையே ஒதுக்கக் கூடாது. கொள்ளு, மொச்சை, துவரைதான் மணிக்கணக்கில் விறகைத் தின்கிறது. அது வெயிலில் வெந்துவிட்டால் களிக்கு எரிக்கும் விறகு எம்மாத்திரம்?

தேன்கனிக்கோட்டை தமிழ்:
பாலக்கோட்டு அண்ணா சொல்வது பாதிதான் சரி. எங்கள் ஊர் காட்டோரம். ராகி அறுப்புச் சமயத்தில் யானை இறங்கும். நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள் விறகுக்கு அம்மாவோடும் சித்தியோடும் போனேன். வழியில் யானை லத்தி. சித்தி குனிந்து பார்த்தார், அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. கட்டிய சுமையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினோம். அன்று ராத்திரி பக்கத்து வீட்டில் விறகு கடன் வாங்கித்தான் உலை வைத்தார் அம்மா.

அதனால் சோலார் குக்கர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எங்கள் ஊருக்கு அதைக் காட்ட வந்தவர்கள் உச்சி வெயிலில் வந்தார்கள். அந்த நேரத்தில் சமைக்கிற பெண்கள் அத்தனை பேரும் கூலி வேலையில். பார்த்தது கிழவிகளும் குழந்தைகளும். அடுப்பு மூட்டுகிறவள் வீடு திரும்பும்போது வெயில் எங்கே இருக்கிறது?

பர்கூர் மெக்கானிக்:
அரூர் அக்கா கேட்டதற்கு வருகிறேன். 1.4 மீட்டர் டிஷ்ஷில் நாங்கள் களி கிண்டிப் பார்த்திருக்கிறோம். சூடு ஒரு குறையும் இல்லை, உலை தளதளவென்று கொதித்தது. மாவைக் கொட்டி, வெந்ததும் என் அக்கா துடுப்பைப் போட்டு அழுத்தினார். பானை, அதைத் தாங்கிய வளையத்தோடு சாய்ந்தது. நான் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அக்கா கண்ணைத் திறக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே கிண்டினார், அவ்வளவு கூச்சம். களி வெந்தது, ஆனால் அக்கா மறுபடி அந்தப் பக்கமே வரவில்லை.

டிஷ் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். வேலை முடிந்ததும் டிஷ்ஷை வெயில் படாத பக்கமாகத் திருப்பிவிடுங்கள். ஒளி குவிகிற இடத்தில் காய்ந்த வைக்கோல் இருந்தால் பற்றிக்கொள்ளும். பெட்டி வாங்கினால் பாத்திரத்துக்கு வெளியே கறுப்பு பூசுங்கள், பளபளப்பான எவர்சில்வர் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஒன்பது, பத்து மணிக்குள் உள்ளே வைத்துவிடுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள். மூடிக்குக் கொக்கி போடுங்கள், காற்று தள்ளினால் கண்ணாடி போச்சு. தேன்கனிக்கோட்டைத் தங்கச்சிக்கும் ஒன்று சொல்கிறேன். மதியம் வெந்த குழம்பைச் சூடு ஆறுவதற்குள் வைக்கோல் திணித்த கூடையில் வைத்து, பழைய போர்வையால் மூடினால் சாயங்காலம் வரை சூடு நிற்கும்.

களிக்கு உண்மையான வழி ஷெஃப்ளர் டிஷ்தான். வுல்ஃப்காங் ஷெஃப்ளர் என்கிறவர் 1980களில் வடிவமைத்தது. டிஷ் வெளியே நின்று வெயிலோடு தானாகத் திரும்பும், ஒளி மட்டும் சுவரில் விட்ட திறப்பு வழியாகச் சமையலறைக்குள் வந்து பானையின் அடியில் விழும். நிழலில் நின்று கிண்டலாம், பானையும் ஆடாத அடுப்பில் உட்கார்ந்திருக்கும். திருமலையிலும் ஷீரடியிலும் இந்த மாதிரி டிஷ்களில் நீராவி எடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்தார்கள். வீட்டுக்கு இது பெரிசு. மாணவர் விடுதிக்குச் சரியாக இருக்கும்.

பென்னாகரம் வாத்தியார்:
2017இல் குஜராத் கோரஜில், முனி சேவா ஆசிரமத்தில் நடந்த மாநாட்டுக்குப் போயிருந்தேன். எனக்குச் சமையலைவிடத் தண்ணீர்தான் மனசில் நின்றது. ஒருவர் சின்னக் குழாய் ஒன்றைக் காட்டினார். உள்ளே மேல்முனையில் மெழுகு. தண்ணீர்ப் பாத்திரத்தில் அதைப் போட்டு வெயில் அடுப்பில் வைத்தால், 65 டிகிரி தாண்டியதும் மெழுகு உருகி அடியில் இறங்கும். அவ்வளவுதான், வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துவிடும், கொதிக்க வைக்கக்கூட வேண்டாம். மெழுகு இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். உடனே கேட்டேன், எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதே, அதுவும் போகுமா என்று. போகாது என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னாரே, அதற்காகவே அவர்மேல் மரியாதை.

திரும்பி வந்து வகுப்பில் நின்றால், முன் பெஞ்சுப் பையன் சிரிக்கிறான், பல்லில் ஃப்ளோரைடு போட்ட பழுப்புக் கோடு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது இதற்காகத்தானே. குழாய் வராத நாளில் ஜனங்கள் போர் தண்ணீருக்குப் போய்விடுகிறார்கள்.

காரிமங்கலம்:
வாத்தியார் ஐயா, நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் ஃப்ளோரைடு குறையும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்களே?

பென்னாகரம் வாத்தியார்:
குறையாதம்மா, கூடும். தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே தங்கிவிடும். சுண்டச் சுண்ட மிச்சத் தண்ணீரில் அதன் அளவு ஏறும். விறகில் காய்ச்சினாலும் வெயிலில் காய்ச்சினாலும் ஒன்றுதான். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், போர் தண்ணீரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை தமிழ்:
பர்கூர் அண்ணா, வைக்கோல் கூடையில் குழம்பு நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். களியை மதியமே கிண்டி வைத்தால் சாயங்காலத்துக்குள் இறுகிவிடும், எங்கள் மாமனார் கையாலும் தொடமாட்டார். அதனால் களிக்கு விறகு, மற்றதுக்குப் பெட்டி என்று நான் ஆரம்பிக்கப் போகிறேன். ஷெஃப்ளர் டிஷ் வைத்த விடுதி நம்ம இரண்டு மாவட்டத்தில் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.