பரமண்டல ஜெபத்தில் அம்மா நிறுத்திய இடம்

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அம்மாவின் ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து, இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம். அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

அண்ணன் வெல்டிங் பட்டறை போட அம்மாவின் 11 சவரன் இரட்டை வடச் சங்கிலியை எடுத்து அடகு வைத்தது அம்மாவுக்கே தெரியாது. வட்டி கட்டாமல் நகை ஏலத்துக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிக் கொடுத்த சங்கிலி அது. அதற்குப் பிறகு அண்ணன் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு மைனி மட்டும் பலகாரம் கொடுத்துவிடுவாங்க.

சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்ததும் அம்மாவின் குரல் நின்றுவிடும். உதடுகூட அசையாது. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்னும்போது மறுபடி சேர்ந்துகொள்வாள். ஒருநாள் கேட்டேவிட்டேன். "பொய்யா எப்படில ஜெபம் பண்ண?" என்றாள்.

ஒரு வருடம் அப்படியே போனது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்ற தவநாட்களில் ஒரு ராத்திரி, பைபிளில் மத்தேயு 18-ஆம் அதிகாரம் வந்தது. ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டு, அவ்வளவும் மன்னிக்கப்பட்டவன் கதை. ஒரு தாலந்து என்றால் ஏறக்குறைய 6,000 நாள் கூலி; ஏழு ஜென்மத்துக்கும் அடைபடாத கடன். பிரசங்கத்தில் இது வரும். ஆனால் அவன் தன் கூட வேலை செய்தவனின் தொண்டையை நெரித்துக் கேட்டானே 100 வெள்ளிப்பணம், அதுவும் 100 நாள் கூலி. ஒரு கூலிக்காரன் வீட்டில் மூன்று மாதம் அடுப்பெரியும் பணம். இயேசு அதை அற்பம் என்று எங்கேயும் சொல்லவில்லை.

ஜெபம் முடிந்ததும் அம்மா, "எல, நோட்டு எடுத்துட்டு வா" என்றாள். சொல்லச் சொல்ல எழுதினேன். 11 சவரன். அடகு வைத்த தொகை. ஏறிய வட்டி. அதோடு நிற்கவில்லை. அப்பாவின் முதல் வருஷ நினைவு நாளில் மூத்த பிள்ளை இல்லாமல் கல்லறைக்குப் போனது. பக்கத்து வீட்டு அக்கா வெறும் கழுத்தைப் பார்த்துக் கேட்டபோது, பாலிஷுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்ன பொய். "இவ்வளவுன்னு தெரியாம எதை மன்னிக்க?"

மறுநாள் அண்ணனை வரச்சொல்லி, அவனையே வாசிக்கவைத்தாள். கல்லறை வரியில் அவனுக்குக் குரல் எழும்பவில்லை. அம்மா உதவிக்கு வரவில்லை. அவன் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இதை இனி உங்கிட்ட கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள். அன்று ராத்திரி அந்த வரியைச் சொன்னாள், எங்களுக்குக் கொஞ்சம் பிந்தி.

மிச்சமிருந்த வளையல்களை வங்கி லாக்கரில் வைத்து அக்காவிடம் சாவி கொடுத்ததும் அதே வாரம்தான். "மன்னிச்சது மன்னிச்சதுதான். சாவி வேற."

நாகர்கோவிலிலிருந்து:

உங்கள் அம்மாவைப் போல எனக்கு யாரும் நோட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கிற கணவர். எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்டதற்கு இயேசு சொன்ன பதிலை எடுத்து, வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் எல்லாரும் "ஏழெழுபதுதரம்" என்று சொன்னார்கள். என்ன நடந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை வாசித்துப் பாருங்கள். முதலில் தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று இருக்கிறது. ஏழெழுபது அதற்குப் பிறகுதான் வருகிறது. மன்னிப்பது என்றால் திரும்பப் போய் அடி வாங்குவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இதை வாசிக்கிற சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்துவிட்டது, 181-க்குக் கூப்பிட்டால் உதவி கிடைக்கும்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர் அழிந்துபோக வேண்டும் என்று ஜெபிப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. இதுவரை என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

உங்கள் அண்ணன் மன்னிப்புக் கேட்டாரா?

திருச்சியிலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் ஜெபத்தில் "கடன்" இல்லை. "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்போம். பொறுப்பது என்றால் சுமப்பதும்தானே. மாமியாருக்கும் எனக்கும் நடுவில் இருப்பதை நினைத்தால் எனக்கு அந்தச் சொல்தான் சரியாக இருக்கிறது. நாகர்கோவில் சகோதரியின் பெயர் தெரியாவிட்டாலும் இன்று ஜெபமாலையில் நினைத்துக்கொள்கிறேன்.

மறுபடி பாளையங்கோட்டையிலிருந்து:

சகோதரி, அண்ணன் வாய்விட்டுக் கேட்கவில்லை. மாதம் 3,000 ரூபாய் அம்மா கையில் வைக்கிறான். அவள் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. தங்கம் விலை ஏறியது என்று செய்தி வந்தால் மனசு உடனே 11-ஆல் பெருக்கிவிடுகிறது. அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே குற்றத்தையே ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சபையில் திருவிருந்தின்போது சமாதானம் கைமாறும். தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் கொண்டுவந்த ஆராதனை முறையிலேயே இருக்கிற வழக்கம் இது. குருவானவரிடமிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கை வழியாக வரும். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர, இடது கை மேலே மூட வேண்டும். போன மாதம் அண்ணன் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தான். நான் வாங்கி அவனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். விரல் முழுக்கத் தீப்பொறி பட்ட புதுத் தழும்புகள். பட்டறை கைவிட்டுப் போன பிறகு வேறொருவரிடம் கூலிக்கு வெல்டிங் செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவருக்குக் கொடுக்கத் திரும்பினான்.