"அடுத்து எதைத் திறக்கணும்?"

புள்ளியியல் அடிப்படைகளை 12 வார இணையவழிப் பாடமாக நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. வகுப்பறையில் பல வருடம் நடத்திய பாடம்தான். அதனால் புத்தகத்தின் பொருளடக்கத்தை அப்படியே மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஏற்றினேன். அத்தியாயத்துக்கு ஒரு பகுதி. அதில் 50 நிமிட வீடியோ, பிடிஎஃப் குறிப்பு, கடைசியில் வினாத்தாள். பார்க்க ஒழுங்காகவே இருந்தது. ஆனால் மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் உள்ளே வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அவர்களில் ஒருவருக்குப் போன் செய்தேன். இரவு வேலை முடித்து வந்து படிப்பவர். "பாடம் கஷ்டமா இல்லைங்க. உள்ளே வந்ததும் அடுத்து எதைத் திறக்கணும்னுதான் தெரியலை. தேடிக்கிட்டு இருக்கும்போதே தூக்கம் வந்துடுது" என்றார். வகுப்பில் இந்தக் கேள்வியே எழாது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே எல்லோரும் நோட்டைத் திறந்துவிடுவார்கள். தொலைவில் இருப்பவருக்கு அந்தத் திரும்பலைப் பாடத்தின் அமைப்புதான் செய்து காட்டவேண்டும். ஆசிரியருக்கும் படிப்பவருக்கும் நடுவே விழும் புரிதல் இடைவெளியைத்தான் தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 'தூரம்' என்கிறார். பயிற்சியில் படித்த அந்த வரி அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த முறை பின்னாலிருந்து தொடங்கினேன். 12ஆம் வாரம் முடியும்போது படிப்பவர் கையில் என்ன இருக்கவேண்டும்? தானே திரட்டிய தரவை வைத்து எழுதிய 2 பக்க அறிக்கை. சரி, அதற்குத் தேவைப்படாத 2 அத்தியாயங்களை எடுத்து 'கூடுதல் வாசிப்பு' என்று தனியே வைத்தேன். மனசே வரவில்லை. நிகழ்தகவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதில் இருந்தது.

மீதிப் பாடத்தை, ஒருவர் ஒரு தடவை உட்கார்ந்தால் முடிக்கிற மாதிரி 30, 40 நிமிடத் துண்டுகளாகப் பிரித்தேன். எல்லாத் துண்டுக்கும் ஒரே வரிசை: சிறு வீடியோ, கையால் போடும் ஒரு கணக்கு, 3 கேள்விகள். பக்கத்தின் தலையில், எவ்வளவு நேரம் ஆகும், முடித்தால் என்ன செய்யத் தெரியும் என்று 2 வரி. அடியில், அடுத்த துண்டுக்கு ஒரே ஒரு இணைப்பு. வாரத்துக்கு வாரம் அமைப்பை மாற்றினால் சுவாரசியமாக இருக்கும் என்று முன்பு நினைத்திருந்தேன். வழி தேடுவதிலேயே அவர்களுடைய நேரம் போய்விடுகிறது என்று தெரிந்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வீடியோ நீளத்துக்கு, எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளைப் பிலிப் குவோ குழு அலசி 2014இல் வெளியிட்ட முடிவை எடுத்துக்கொண்டேன். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேர் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் பழைய பதிவை நறுக்கிப் போட்டால் போதாது. 'போன வகுப்பில் பார்த்தோமே' போன்ற வாக்கியங்கள் நடுவில் தொங்கும். நான் எல்லாவற்றையும் புதிதாகத்தான் பதிவு செய்தேன்.

அப்புறம், 'வாரம் 0'. அதில் பாடமே கிடையாது. ஒரு வணக்கம் எழுதுவது, ஒரு வெற்றுக் கோப்பை ஏற்றிப் பார்ப்பது, அவ்வளவுதான். முதல் ஒப்படைப்பின் கடைசி இரவில் 'கோப்பு ஏறவில்லை' என்று வந்துகொண்டிருந்த பதற்றச் செய்திகள் இதனால் ஏறக்குறைய நின்றுவிட்டன.

பதில்

நானும் இணையவழியில் பாடம் நடத்துகிறேன். நீங்கள் சொன்ன வரிசையோடு நான் பூட்டும் போட்டேன். தேர்வில் 80 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த பகுதி திறக்கும். 78 எடுத்த ஒருவர் 9 நாள் அங்கேயே நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. தனியாக மாட்டிக்கொண்டவர், தனக்கு வராது என்றே முடிவு கட்டிவிட்டார். பூட்டை எடுத்துவிட்டு, 'இதை மறுபடி பாருங்கள்' என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்தேன். 6ஆம் வாரத்தைக் காலியாகவும் விட்டேன். பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துகொள்ள அது உதவியது.

பதில்

காலி வாரத்தை அடுத்த முறை நானும் வைக்கிறேன். என்னுடைய புள்ளியியல் பாடத்தில் 7ஆம் வாரத்துக்குப் பிறகு வைத்தால் சரியாக வரும். அங்கேதான் திட்டவிலக்கம் முடிகிறது, நிறையப் பேர் மூச்சு வாங்குவதும் அங்கேதான்.